காய்ச்சல் வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சென்ற மாரியில் ஒரு மாணவியின் அம்மம்மா பிஸ்கட் பேணி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துத் திறந்தார். கனடாவிலிருந்து வந்துபோன மகள் விட்டுச்சென்ற மருந்துகள் அதற்குள் கிடந்தன. ஓர் அட்டையில் நான்கு கப்சூல்கள் மிச்சம். பாதி மஞ்சள், பாதி சாம்பல். பத்தில் ஆறு குடித்தாயிற்று. "இது காய்ச்சல் வைரசுக்கு எண்டு மகள் சொன்னவ. பேத்திக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல். குடுக்கலாமோ தம்பி?" என்று கேட்டார்.

அவை ஒசெல்டமிவிர் கப்சூல்கள். டாமிஃப்ளூ என்ற பெயரில் விற்பனையாவது. அன்று அவருக்குச் சொன்னதையும், அதன் பிறகு மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. யாருக்கு எந்த மருந்து என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். வைரஸ் எப்படி மாறுகிறது என்பதை என்னால் சொல்ல முடியும்.

தடிமனும் இன்ஃபுளுவன்சாவும் ஒன்றா?

இல்லை. மூக்கு ஒழுகும் சாதாரண தடிமனுக்கு நூற்றுக்கு மேற்பட்ட வேறு வைரஸ்கள் உண்டு. இன்ஃபுளுவன்சா ஒரு தனிக் குடும்பம். திடீரென்று உயர்காய்ச்சல், உடம்பு முறித்துப் போட்டது போன்ற உளைவு, வறட்டு இருமல் என்று வரும். இலங்கையில் அது வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு தடவை உச்சம் காணும்: சித்திரை தொடங்கி ஆனி வரை ஒன்று, கார்த்திகை தொடங்கித் தை வரை மற்றது.

இந்தப் பக்கத்தில் பேசப்போவது பெரும்பாலும் ஏ வகையைப் பற்றி. காட்டு நீர்ப்பறவைகள்தான் அதன் பழைய வீடு. அங்கிருந்து கோழி, பன்றி, குதிரை, நாய், கடல்நாய், மனிதர் என்று பரவியிருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் பால்மாடுகளிலும் கண்டார்கள். எச்1என்1, எச்3என்2, எச்5என்1 என்ற பெயர்கள் அதன் மேற்பரப்பில் உள்ள இரண்டு புரதங்களின் வகையைக் குறிப்பவை. எச் என்பது ஹீமாக்ளுட்டினின், என் என்பது நியூராமினிடேஸ். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள், பிறகு வேண்டும்.

அன்டிபயோட்டிக் குடித்தால் போகாதா?

போகாது. அது பற்றீரியாவுக்கான மருந்து. வைரஸ் காய்ச்சலோடு நெஞ்சில் பற்றீரியாத் தொற்றும் சேர்ந்தால் டொக்டர் எழுதிக் கொடுப்பார். அது வேறு விஷயம்.

அப்படியென்றால் வைரஸுக்கு என்ன மருந்து இருக்கிறது?

மூன்று வகையைச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் வைரஸின் வாழ்க்கையில் ஒவ்வொரு கட்டத்தை மறிக்கிறது.

பழையது அமன்டடின். அமெரிக்காவில் 1966ல் அனுமதி பெற்றது. வைரஸ் நமது கலத்துக்குள் நுழைந்ததும் தன் பொதியைப் பிரிக்க வேண்டும். அதற்கு எம்2 என்ற சின்னக் குழாய் வழியாக அமிலத்தன்மையை உள்ளே இழுக்கும். அமன்டடின் அந்தக் குழாயை அடைத்துவிடும். பொதி பிரியாது.

அடுத்தது ஒசெல்டமிவிர், சனமிவிர் ஆகியவை. இரண்டும் 1999ல் வந்தன. கலத்துக்குள் பெருகிய புது வைரஸ்கள் வெளியே வரும்போது கலத்தின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளில் ஒட்டிக்கொள்ளும். ஹீமாக்ளுட்டினின் அதைப் பிடிக்கிற கை. நியூராமினிடேஸ் அதை வெட்டுகிற கத்தரிக்கோல். இந்த மருந்துகள் கத்தரிக்கோலின் வாயில் போய் உட்கார்ந்துவிடும். புது வைரஸ்கள் பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கிடக்கும். வைரஸ் பெருமளவில் பெருகிய பிறகு கொடுத்தால் பெரிதாகப் பயனில்லை என்பதால்தான், காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்கிறார்கள்.

மூன்றாவது பலொக்சவிர். 2018ல் முதலில் ஜப்பானில் வந்தது. வைரஸ் தன் மரபுச் செய்தியை நகலெடுக்கும் இயந்திரத்தின் ஒரு பகுதியையே நிறுத்துகிறது.

மருந்து குடிப்பதால்தானே வைரஸ் மாறுகிறது?

அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். பதில், முழுக்க அப்படியில்லை.

ஏட்டுச்சுவடியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஓர் ஏட்டைப் பார்த்து இன்னொரு ஏட்டில் எழுதுவார். கண் தவறும், கை தவறும். ஓர் எழுத்து மாறும். அதைப் பார்த்து எழுதுபவர் அந்தப் பிழையையும் சேர்த்து எழுதுவார். இப்படிப் பிறந்த பாடபேதங்களை ஒப்புநோக்கித்தான் எங்கள் ஆறுமுக நாவலரும் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையும் பழைய நூல்களை அச்சேற்றினார்கள்.

இன்ஃபுளுவன்சா வைரஸின் மரபுச் செய்தி ஏறக்குறைய 13,500 எழுத்துள்ள ஆர்.என்.ஏ. ஏடு. அதை எழுதும் நொதிக்குப் பிழைதிருத்தும் வழக்கமே இல்லை. நமது டி.என்.ஏ.யை எழுதும் நொதி எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கும், இது பார்க்காது. தொற்றிய கலம் ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் புது வைரஸ்கள் வருகின்றன. ஆகவே ஒரு மனிதரின் தொண்டைக்குள்ளேயே, மருந்து ஒரு துளியும் தொடாத நிலையிலும், எண்ண முடியாத பாடபேதங்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவை பயனற்றவை, உடனே அழிந்துபோகும். எங்கோ ஒன்றிரண்டில், கத்தரிக்கோலின் வடிவம் மருந்து உட்கார முடியாதபடி மாறியிருக்கும்.

மருந்து அந்தப் பிழையை உண்டாக்குவதில்லை. மற்ற ஏடுகளை எரித்துவிட்டு அந்த ஓர் ஏட்டை மட்டும் விட்டுவைக்கிறது. அப்புறம், அந்த ஏடு இன்னொருவர் வீட்டுக்குப் போய்ச் சேருமா என்பது வேறொன்றைப் பொறுத்தது. அந்த மாற்றம் வைரஸுக்குப் பாரமா, இல்லையா? பாரம் என்றால், மருந்து இல்லாத அடுத்த ஆளில் சாதாரண வைரஸ் அதை முந்திவிடும். பாரம் இல்லை என்றால் மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன்பாட்டில் பரவும். கீழே வரும் கதைகள் எல்லாமே இந்தப் பாரத்தைப் பற்றியவைதான்.

அடிக்கடி குடித்தால் எங்கள் உடம்பு மருந்துக்குப் பழகிவிடுமா?

எதிர்ப்பு உடம்பில் வருவதல்ல, வைரஸில் வருவது. வாழ்நாளில் ஒசெல்டமிவிரைக் கண்ணாலும் காணாத ஒருவருக்கும் எதிர்ப்புள்ள வைரஸ் தொற்றலாம்.

அமன்டடினை இப்போது ஏன் கொடுப்பதில்லை?

எம்2 குழாயில் 31ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி, இருக்க வேண்டும். அங்கே அஸ்பராஜின் வந்தால் மருந்து பிடிக்காது. எஸ்31என் என்று எழுதுவார்கள். இந்த மாற்றம் வைரஸுக்கு ஏறக்குறைய பாரமே இல்லை. குழாய் முன்போலவே வேலை செய்கிறது.

உலகளவில் எச்3என்2 வைரஸ்களில் 1994-95ல் இது 0.4 வீதம்தான். 2003-04ல் 12 வீதத்தைத் தாண்டியது. 2005-06 பருவத்தில் அமெரிக்காவில் பரிசோதித்த 209 எச்3என்2 மாதிரிகளில் 193, அதாவது 92 வீதம், எதிர்ப்புள்ளவை. 2006 ஜனவரியில் இந்த மருந்தை இன்ஃபுளுவன்சாவுக்கு எழுத வேண்டாம் என்று அங்கே அறிவித்தார்கள். நாற்பது வருடம் கையில் இருந்த மருந்து சில பருவங்களில் போய்விட்டது. இன்னும் அது திரும்பவில்லை, ஏனென்றால் எஸ்31என்னைக் கைவிட வைரஸுக்கு எந்தத் தேவையும் இல்லை.

ஒசெல்டமிவிருக்கும் அப்படி நடந்ததா?

நடந்தது. ஆனால் யாரும் எதிர்பார்த்த இடத்தில் நடக்கவில்லை.

அந்த மருந்துக்கு எதிரான பெரிய மாற்றத்தின் பெயர் எச்275வை. நியூராமினிடேஸின் 275ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் போய் டைரோசின் வருவது. (சில கட்டுரைகளில் 274 என்று காண்பீர்கள். எண்ணும் முறைதான் வேறு, இடம் ஒன்றே.) 2007 வரை ஆய்வுகூடத்தில் எலியிலும், கீரி போன்ற ஃபெரெட் என்ற பிராணியிலும் சோதித்தவர்கள் ஒரே முடிவைத்தான் சொன்னார்கள்: இந்த மாற்றம் வைரஸை முடமாக்குகிறது, ஆகவே பரவாது.

2008 ஜனவரியில் நோர்வேயிலிருந்து செய்தி வந்தது. அங்கே பரவிக்கொண்டிருந்த எச்1என்1 வைரஸ்களில் எச்275வை. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, பரிசோதித்த எச்1என்1 மாதிரிகளில் 67 வீதம் அப்படி. நோர்வேயில் ஒசெல்டமிவிர் குடிப்பவர்கள் மிகக் குறைவு. உலகிலேயே அதை அதிகம் குடித்த நாடு ஜப்பான். அதே பருவத்தில் ஜப்பானில் 3 வீதத்தையும் எட்டவில்லை. மருந்தைக் கண்டபடி குடித்ததால் வந்த வினை என்று நான் வகுப்பில் சொல்லிவந்த விளக்கம் இங்கே பொருந்தவில்லை. அடுத்த பருவத்தில் உலகில் பரவிய எச்1என்1 ஏறக்குறைய எல்லாமே எதிர்ப்புள்ளவை.

முடமான வைரஸ் எப்படி ஓடியது? 2010ல் கலிபோர்னியாவில் ஜெஸ்ஸி புளூம், டேவிட் பால்ட்டிமோர் குழு விடையைக் காட்டியது. எச்275வை வந்தால் கலத்தின் மேற்பரப்புக்கு வந்துசேரும் நியூராமினிடேஸின் அளவு குறைகிறது. கத்தரிக்கோல்கள் போதாமல் போகின்றன. அதுதான் பாரம். ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளிலேயே அதே புரதத்தில் வேறு இரண்டு மாற்றங்கள் வந்திருந்தன, 222ஆவது இடத்திலும் 234ஆவது இடத்திலும். அவை கத்தரிக்கோல்களின் வரத்தைக் கூட்டியிருந்தன. பழைய வீட்டில் தூணை மாற்றுகிறவர்கள் முதலில் பனை வளைக்கு முட்டுக் கொடுப்பார்கள் அல்லவா, பிறகுதான் தூணில் கை வைப்பார்கள். வைரஸில் முட்டு முதலே வந்துவிட்டது. அதன் பிறகு எச்275வை வந்தபோது கூரை இறங்கவில்லை.

நான் ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் வகுப்பை நிறுத்திவிடுவேன். அந்த முட்டுகள் மருந்தை நினைத்து வந்தவை அல்ல. வைரஸ் எதையும் திட்டமிடுவதில்லை.

பிறகு அந்த வைரஸ் எங்கே போனது?

2009ல் பன்றிகளிலிருந்து புதிய எச்1என்1 வந்து உலகெங்கும் பரவியது. பழைய எச்1என்1 இடமில்லாமல் மறைந்தது. புதியது ஒசெல்டமிவிருக்கு அடங்கக்கூடியது. நாங்கள் வென்றதால் கிடைத்த நிம்மதி இல்லை இது.

புதியதிலும் எச்275வை அவ்வப்போது தலைகாட்டுகிறது. 2011ல் அவுஸ்திரேலியாவின் நியூகாசில் பகுதியிலும், 2013-14ல் ஜப்பானின் சப்போரோவிலும் அது ஆளுக்கு ஆள் பரவியது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மருந்தே குடிக்காதவர்கள். இரண்டு இடத்திலும் தானாக ஓய்ந்தது.

ஒன்று வேலை செய்யாவிட்டால் மற்ற மருந்தும் வேலை செய்யாதா?

எச்275வை வந்த வைரஸை சனமிவிர் பொதுவாக அடக்கும். காரணம் அழகானது. ஒசெல்டமிவிர் உட்கார வேண்டுமென்றால் கத்தரிக்கோலின் வாய்க்குள் ஓர் அமினோ அமிலம் சற்றே திரும்பி இடம்விட வேண்டும். டைரோசின் பருமனானது, அது அந்தத் திரும்பலைத் தடுத்துவிடும். சனமிவிரோ இயற்கையான சியாலிக் அமிலத்தின் வடிவத்தை மிக நெருங்கி ஒத்தது. யாரும் திரும்பி இடம்விடத் தேவையில்லை. அதை விலக்கப் பார்க்கும் வைரஸ் தன் இயல்பான வேலையையும் கெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஆனால் அது மூச்சால் இழுக்கும் தூள், ஆஸ்துமாக்காரருக்கு உகந்ததல்ல.

பறவையிலும் பன்றியிலும் நடப்பதற்கும் எங்கள் குளிசைக்கும் என்ன தொடர்பு?

ஒரு மாற்றம் பாரமா இல்லையா என்பது வைரஸ் எந்த உடம்பில் குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தாராவின் உடம்பில் இந்த வைரஸ் பெரும்பாலும் குடலில் வாழ்கிறது, 41 பாகை சூட்டில். நம்மில் மூக்கிலும் தொண்டையிலும், அதைவிடக் குளிர்ந்த இடத்தில். பறவையின் குடலிலும் நமது மூச்சுக் குழாயிலும் சியாலிக் அமிலம் பிணைந்திருக்கும் விதம் வேறு. பிடிக்கும் கையும் வெட்டும் கத்தரிக்கோலும் ஒன்றுக்கொன்று சரியான அளவில் இருந்தால்தான் வைரஸ் தொற்றவும் முடியும், விடுபடவும் முடியும். அந்தச் சரியான அளவு ஒவ்வொரு உயிரிலும் வேறாக இருப்பதால், கத்தரிக்கோலை மழுக்கும் ஒரு மாற்றம் ஓரிடத்தில் தாங்க முடியாத சுமையாகவும் இன்னோரிடத்தில் ஒன்றுமில்லாததாகவும் ஆகலாம்.

சுவீடனில் ஆய்வாளர்கள் காட்டுத்தாராக்களுக்கு எச்1என்1 தொற்றவைத்து, குடிநீரில் ஒசெல்டமிவிரின் செயல்படும் வடிவத்தைக் கலந்து வைத்தார்கள். லீட்டருக்கு 1 மைக்ரோகிராம் இருந்தபோதே அந்த எச்275வை மாற்றம் வெளிப்பட்டது. பிறகு அவர்கள் மருந்தை எடுத்துவிட்டு, எதிர்ப்புள்ள வைரஸைத் தாராவிலிருந்து தாராவுக்குத் தொற்றவிட்டுப் பார்த்தார்கள். மருந்து இல்லாமலேயே எதிர்ப்பு நிலைத்தது. பழைய மனித எச்1என்1க்கு முட்டுக் கொடுத்துச் சுமக்க வேண்டியிருந்தது, இந்தத் தாராவின் வைரஸுக்குச் சுமையாகவே தெரியவில்லை. 2024 ஒக்ரோபரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 8 கோழிப் பண்ணைகளில் பரவிய எச்5என்1லும் எச்275வையைக் கண்டார்கள்.

பன்றிக் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. வைரஸின் ஏடு ஒரே கட்டல்ல, எட்டுத் துண்டுகள். ஒரே பன்றிக்கு இரண்டு வேறு வைரஸ்கள் ஒரே நேரத்தில் தொற்றினால், இரண்டு கட்டு ஏடுகள் கலைந்து துண்டுகள் மாறிச் சேரும். 2009 வைரஸ் அப்படிச் சேர்ந்ததுதான். அதன் எம் துண்டு, அதாவது எம்2 குழாய்க்கான செய்தி உள்ள துண்டு, ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளின் பரம்பரையிலிருந்து வந்தது. அந்தப் பன்றிகளின் வைரஸில் எஸ்31என் பல ஆண்டுகளாகவே ஊறிப்போயிருந்தது. ஆகவே மனிதரிடம் வந்த முதல் நாளே அந்த வைரஸ் அமன்டடினுக்கு அடங்கவில்லை. எதிர்ப்பை அது மனிதரிடம் சம்பாதிக்கவில்லை, பன்றியிடமிருந்து சீதனமாகக் கொண்டுவந்தது.

இலங்கையிலும் பார்த்திருக்கிறார்கள். 2009க்குப் பிறகு இலங்கைப் பன்றிகளில் அந்த எச்1என்1 பல தடவை மனிதரிடமிருந்து போய்த் தொற்றியது ஆய்வில் தெரிந்தது. இருவழிப் பாதை.

குளிசை மனிதருக்குத்தானே, தாராவின் தண்ணீருக்குள் எப்படிப் போகும்?

நமது சிறுநீர் வழியாக. குடித்த ஒசெல்டமிவிரில் பெரும்பகுதி செயல்படும் வடிவத்தில் அப்படியே வெளியேறுகிறது. வழமையான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அதை அகற்றுவதில்லை. ஜப்பானில் காய்ச்சல் பருவத்தில் ஆற்று நீரில் அளந்து கண்டிருக்கிறார்கள். அதே ஆறுகளில்தான் குளிர்காலத்தில் தாராக்கள் இறங்குகின்றன.

இங்கே எங்களுக்கு ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றைத் தவிர எல்லாம் கிணறுதான். ஆனால் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே எவ்வளவு எளிதாக நீர் ஊடுருவும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எந்த மருந்தையும் குழிக்குள் கொட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

கோழிகளுக்கு முன்கூட்டியே இந்த மருந்தைக் கொடுத்தால் என்ன?

வேண்டவே வேண்டாம். சீனாவில் கோழிப் பண்ணைகளில் அமன்டடின் கொடுக்கப்பட்டதாக 2005ல் செய்தி வந்தது. ஆயிரக்கணக்கான கோழிகள் நெருங்கி நிற்கும் கொட்டகையில், அளவில்லாமல் தண்ணீரில் கலந்த மருந்து என்றால், எதிர்ப்புள்ள வைரஸைப் பொறுக்கி எடுத்து வளர்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரே நோயாளிக்குள் சிகிச்சையின் நடுவே எதிர்ப்பு வருமா?

வரும். வியட்நாமில் எச்5என்1 தொற்றி ஒசெல்டமிவிர் பெற்ற 8 நோயாளிகளில் 2 பேருக்குச் சிகிச்சையின்போதே எச்275வை தோன்றியதை 2005ல் வெளியிட்டார்கள். இருவரும் இறந்தார்கள்.

குழந்தைகளில் கூடுதலாகக் காண்கிறோம். முதல்தடவை தொற்றும்போது அவர்களிடம் பழைய எதிர்ப்பாற்றல் இல்லை, ஆகவே வைரஸ் பெருந்தொகையாகப் பெருகும், நீண்ட நாள் இருக்கும். ஜப்பானில் ஒசெல்டமிவிர் பெற்ற 50 பிள்ளைகளைப் பார்த்ததில் 9 பேரின் எச்3என்2 வைரஸில் எதிர்ப்பு வந்திருந்தது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் வாரக்கணக்கில் வைரஸைச் சுமப்பார்கள். நகலெடுக்க நாட்கள் கூடினால் பாடபேதங்களும் கூடும். மருந்தும் சேர்ந்தால் பொறுக்கலும் நடக்கும். இப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் மற்றவர்கள் தடிமன் என்று அலட்சியம் பண்ணாமல் முகக்கவசம் போடுங்கள்.

பலொக்சவிருக்கும் எதிர்ப்பு வந்துவிட்டதா?

பலொக்சவிர் நிறுத்தும் அந்த இயந்திரப் பகுதியில் ஐ38டி என்ற மாற்றம் உண்டு. ஆரம்ப மருத்துவச் சோதனையில் மருந்து எடுத்த பெரியவர்களில் ஏறக்குறைய 10 வீதத்தினரிடம் அந்த இடத்தில் மாற்றம் தோன்றியது, சிறுவர்களில் அதற்கு மேல். ஜப்பானில் மருந்தே எடுக்காத பிள்ளையிடமும் கண்டார்கள். நோர்வேயில் நடந்தது போல் உலகைப் பிடிக்கவில்லை.

எதிர்ப்புள்ள வைரஸ் கூடுதல் கொடியதா?

பொதுவாக இல்லை. அது தரும் காய்ச்சல் அதே காய்ச்சல்தான். மருந்து அவசியமான ஆளுக்கு, அதாவது கர்ப்பிணிக்கு, முதியவருக்கு, சுவாச நோயாளிக்கு, மருந்து கைகொடுக்காமல் போவதுதான் ஆபத்து.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரண்டு வழி. ஏட்டைப் படித்து 275ஆவது இடத்தில் என்ன எழுத்து என்று பார்ப்பது ஒன்று. மருந்தை ஊற்றிக் கத்தரிக்கோல் நிற்கிறதா என்று அளப்பது மற்றது. முதலாவது வேகமானது, ஆனால் தெரிந்த மாற்றத்தைத்தான் காட்டும். இதுவரை அறியாத மாற்றத்தை இரண்டாவதே பிடிக்கும். இலங்கையில் தேசிய இன்ஃபுளுவன்சா நிலையமாக இருப்பது கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். உங்கள் பிள்ளையின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்கக் கேட்டால் மறுக்காதீர்கள். அந்தச் சின்னக் குச்சிகளில் இருந்துதான் நோர்வேக் கதை தெரியவந்தது.

தடுப்பூசி போட்டவருக்கும் இந்தப் பிரச்சினை உண்டா?

ஊசி மருந்தெதிர்ப்பைப் பார்ப்பதில்லை. எதிர்ப்புள்ள வைரஸையும் இல்லாததையும் அது ஒரேமாதிரி எதிர்கொள்ளும். தொற்று குறைந்தால் நகல் குறையும். வயதானவர்களும் நீண்டகால நோயாளிகளும் டொக்டரிடம் கேட்டுப் போடலாம்.

மாரியில் கடல்நீரேரிக்கு வரும் பறவைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம். தை மாதக் காலையில் பண்ணைப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திப் பார்த்தால், வெகுதூரம் வடக்கேயிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து மேய்வதைக் காணலாம். வால் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும். நான் மாணவர்களை அங்கே கூட்டிப்போவதுண்டு. தூர நின்று பார்ப்பதால் எதுவும் தொற்றாது. இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள், வீட்டுக் கோழியையும் தாராவையும் அவற்றோடு கலக்க விடாதீர்கள். வளவில் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகத் தொடங்கினால் அறுத்துச் சமைக்காமல், விற்காமல், கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.

மாரியில் வருகிற காய்ச்சல் எல்லாம் இன்ஃபுளுவன்சாவா?

இல்லை. இதை எழுதும்போது எனக்கு 2024 மார்கழி ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து உயிர்கள் போயின, என்னவென்று தெரியாமல் சனம் பயந்தது, பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலிக்காய்ச்சல் பற்றீரியாவால் வருவது. அதற்கு அன்டிபயோட்டிக்தான் மருந்து, அதுவும் நேரத்தோடு. அதே மாதங்களில் டெங்கும் ஏறும். டெங்கு இருக்கலாம் என்றால் அஸ்பிரின், புரூஃபன் கூடாது, பரசிட்டமோல் மட்டும். மூன்றும் முதல் இரண்டு நாள் ஒரே மாதிரித் தெரியலாம். வயலுக்குப் போனீர்களா, வெள்ளத்தில் நடந்தீர்களா என்று டொக்டர் கேட்டால் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஒசெல்டமிவிரை என்ன செய்வது?

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 75 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை, ஐந்து நாள். மொத்தம் 10 கப்சூல். பிள்ளைகளுக்கு நிறை பார்த்துத்தான் அளவு. நான்கு கப்சூலால் யாருக்கும் ஒரு சிகிச்சை முடியாது. குறை அளவில் குடித்தால் வைரஸ் சாகாமல், மருந்தோடு கூடவே பெருகும் நாட்களைத்தான் அதற்குக் கொடுக்கிறோம். எழுதிக் கொடுத்தால் முழுவதையும் குடியுங்கள். மிச்சம் இருந்தால் பக்கத்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டு ஒப்படைக்கப் பாருங்கள்.

அந்த அம்மம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல அன்று நேரமில்லை. "குடுக்காதேங்கோ, இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்று மட்டும் சொன்னேன். முச்சக்கரவண்டி பிடித்துப் போனார்கள். பின்னேரம் மாணவி தொலைபேசியில் சொன்னாள்: தங்கச்சிக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள், டெங்கு, வார்ட்டில் வைத்திருக்கிறார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பேணி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. வகுப்பில் எச்275வை பாடம் வரும்போது அந்த நான்கு கப்சூலையும் எடுத்துக் காட்டுகிறேன்.